இருக்கிற வெளிச்சம் போதும்

அடையாள அட்டை அலுவலகத்தின் பழைய கேமரா ஒரு வியாழக்கிழமை மதியம் கண்ணை மூடியது. பன்னிரண்டு வருஷம் உழைத்த கேமரா. ஊரில் பாதிப் பேரைத் திருடர் மாதிரியும், மீதிப் பேரைத் திருட்டுக் கொடுத்தவர் மாதிரியும் காட்டிய கேமரா. அது போனதற்கு யாரும் அழவில்லை. ஆனால் புதிதாக ஒன்று வாங்க வேண்டுமென்றால் ஒரு குழு வேண்டும், குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டும், தலைவருக்கு ஒரு கொள்கை வேண்டும். மூன்றும் ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டன.

கொள்கை இதுதான். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. ஃபிளாஷ் அடித்தால் மனிதர்கள் கண்ணை மூடிவிடுகிறார்கள், கண்ணை மூடிக்கொண்டவர்களை அலுவலகம் எப்படி நம்புவது? ஆகவே அறைக்குள் என்ன வெளிச்சம் இருக்கிறதோ அதிலேயே எந்தக் கேமரா குறையில்லாமல் படம் எடுக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து, அதைத்தான் வாங்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அலுவலகங்களில் நியாயமாகத் தொடங்கும் காரியங்களைப் பார்த்தாலே நான் ஒரு அடி தள்ளி நிற்பேன். ஆறு கம்பெனிகளிடமிருந்து ஆறு கேமராக்கள் வந்து சேர்ந்தன.

திங்கட்கிழமை காலை லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் அந்த அலுவலக வரிசையில் வந்து நின்றார். நாற்பதைத் தொட இன்னும் இரண்டு வருஷம். அவருடைய அட்டை காலாவதியாகியிருந்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில், திருமணப் பதிவாளர் முன்னால் அவருக்குக் கல்யாணம். செல்லுபடியாகும் அட்டை இல்லாவிட்டால் பதிவாளர் பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டார். அந்தத் தேதியை விட்டால் அடுத்தது நான்கு மாதம் கழித்து. மணப்பெண் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். அவளை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்கள், அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். மெக்கானிக்குக்கு இதற்கு முன்னால் இரண்டு இடங்கள் கைக்கு எட்டி நழுவியிருக்கின்றன. போதாததற்குப் பெண்ணின் அம்மா ஞாயிற்றுக்கிழமையே பேச்சை முடித்துவிட்டார்.

"வெள்ளிக்கிழம கையெழுத்து ஆகலன்னா விட்ருங்க தம்பி. நாலு மாசத்துல என் பொண்ணு மனசு மாறிடும்."

"மாறாது அத்தை."

"நான் இருக்கேன்ல, மாத்திருவேன்."

வரிசையில் நாற்பது பேர் இருந்தார்கள். பத்து மணிக்குக் குழுத் தலைவர் கையில் ஸ்கேலோடு வெளியே வந்தார். வழுக்கைத் தலை, மடிப்புக் கலையாத சட்டை, யாரையும் அவசரப்படுத்தாத நடை. கத்தரிக்காய் பொறுக்குகிறவர் மாதிரி ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்னால் தலையாட்டுவதற்கென்றே இரண்டு உறுப்பினர்கள்.

"இவர் வேண்டாம். லட்சணமா இருக்கார். லட்சணமானவங்கள எந்தக் கேமராவும் நல்லாத்தான் எடுக்கும்," என்றார் தலைவர். அடுத்தவரிடம் வந்தார். "இவரும் வேண்டாம். இவர எந்தக் கேமராவாலயும் காப்பாத்த முடியாது."

மெக்கானிக்கின் முன்னால் வந்ததும் நின்றார். நெற்றியை அளந்தார், மூக்கை அளந்தார், இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு திருப்தி பரவியது.

"இதுதான். எந்தப் பக்கமும் சாயாத முகம். ஆறு கேமராவுக்கும் இவர்தான் மாதிரி."

"சார், நான் அட்டைக்கு வந்தேன்," என்றார் மெக்கானிக்.

"அட்டைக்குத்தான் கேமரா. கேமராவுக்குத்தான் சோதனை. சோதனைக்குத்தான் நீங்க. சோதனை முடிஞ்சதும் முதல் அட்டை உங்களுக்கு. மத்தவங்க எல்லாம் அப்புறம்."

"எப்ப சார் முடியும்?"

"வெள்ளிக்கிழம காலையில. ரொம்ப அவசரப்பட்டா."

மெக்கானிக்குக்கு வேறு வழி இருக்கவில்லை. அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நீளமான அறை, ஒரு நாற்காலி, ஒரு மேஜை, மேலே ஒரே ஒரு ட்யூப் லைட். அதுவும் எரிவதா வேண்டாமா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை யோசிக்கிற ரகம். படம் எடுக்கும் பதவி ஆறு வருஷமாகக் காலி. அதனால் டைப்பிஸ்ட் அம்மாதான் எடுக்கப்போகிறார் என்று சொன்னார்கள்.

"பட்டன அழுத்தத் தெரிஞ்சவங்க இங்க அவங்க ஒருத்தர்தான்," என்று தலைவர் விளக்கினார்.

டைப்பிஸ்ட் அம்மா ஐம்பது வயதுக்காரர். எதற்கும் அதிசயப்பட்டுப் பல வருஷம் ஆனவர். நாற்காலியைக் காட்டிவிட்டு, "கால நல்லா நீட்டிக்கங்க, நேரமாகும்," என்றார்.

முதல் நாள் படமே எடுக்கவில்லை. வெளிச்சத்தை நிர்ணயம் செய்வதிலேயே போயிற்று. அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. அதை அகலத் திறந்தால் பளிச்சென்று வெயில் விழும். மெக்கானிக் வெகுளியாக அதைத் திறக்கப் போனார்.

"அதத் தொடாதீங்க," என்றார் தலைவர். "வெயில் உள்ள வந்தா அது இருக்கற வெளிச்சம் இல்ல, வந்த வெளிச்சம். வந்த வெளிச்சத்துக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது. மேகம் வந்தா யாரக் கேக்கறது?"

ஜன்னலுக்குக் கனமான திரை போட்டார்கள். டைப்பிஸ்ட் அம்மா வெளிச்சமானியை நாற்காலிக்கு மேல் பிடித்து, எண்ணைப் படித்து, 'வெளிச்சப் பதிவேடு' என்று புதிதாகத் தைத்த நோட்டில் எழுதினார். மறுபடி பிடித்தால் எண் கொஞ்சம் ஏறியிருந்தது. மறுபடி பிடித்தால் இறங்கியிருந்தது. குழு அரைமணி நேரம் ஆராய்ந்தது. கடைசியில் டைப்பிஸ்ட் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார் குனியறப்ப ஏறுது. நிமிர்ந்தா இறங்குது," என்றார். உறுப்பினர்கள் இருவரும் தலைவரின் தலையைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். தலைவருக்குப் பழுப்பு நிறக் கம்பளிக் குல்லாய் ஒன்று வரவழைக்கப்பட்டது. நல்ல கோடைக்காலம் அது.

மாலையில் எலெக்ட்ரீஷியன் புது ட்யூபோடு வந்தார். விட்டு விட்டு எரியும் விளக்கைப் பற்றி அவரிடம் புகார் போய் ஏழு மாதமாகிறதாம். தலைவர் அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"இப்ப மாத்தினா பதிவேட்டுல எழுதின எண்ணெல்லாம் பொய்யாயிடும். போயிட்டு வாங்க. இருக்கிற வெளிச்சம் போதும்."

மெக்கானிக்குக்கு மூன்று உத்தரவுகள் எழுத்தில் கொடுத்தார்கள். மாதிரி மாறக் கூடாது என்பதால் வெள்ளிக்கிழமை வரை இதே சட்டைதான். துவைக்கவும் கூடாது, துவைத்தால் வெளுக்கும். சவரம் செய்யக் கூடாது, செய்தால் முகம் மாறும்.

"சவரம் பண்ணாட்டியும் மாறுமே சார். தாடி வளருமே."

தலைவர் யோசித்தார். அவர் யோசிக்காமல் பதில் சொல்கிறவர் என்று யாரும் சொல்ல முடியாது.

"தாடி வளராம பாத்துக்கங்க. ஆனா சவரம் பண்ணாதீங்க," என்றார்.

செவ்வாய்க்கிழமை மணப்பெண்ணும் கூட வந்தாள். வாசலில் இருவரும் ஆளுக்கொரு டீ குடித்தார்கள். சட்டையைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மெக்கானிக்குக்கு மனசு லேசாகிவிட்டது. லேசான மனசோடு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தலைவர் அவர் முகத்தைப் பார்த்ததும் கையைத் தூக்கி எல்லாவற்றையும் நிறுத்தினார்.

"நேத்து இந்த முகத்துல ஒரு கவல இருந்துச்சே. எங்க அது?"

"இன்னிக்குக் கொஞ்சம் நல்லா இருக்கேன் சார்."

"நல்லா இருக்கறது உங்க சொந்த விஷயம். மாதிரியில கவல இருக்கணும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் உறுப்பினர்களில் ஒருவர் ஐந்து நிமிஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கவலைப்படுத்துவது என்று தீர்மானம் ஆயிற்று. தலையாட்டுவதைத் தவிர வேறு வேலை செய்திராத அந்த உறுப்பினருக்கு இதில் நல்ல கை இருந்தது. "வெள்ளிக்கிழமக்குள்ள முடியாதுன்னுதான் பேசிக்கறாங்க," என்று காதோரமாகச் சொல்வார். மெக்கானிக்கின் முகம் திங்கட்கிழமை நிலைக்கு அப்படியே திரும்பிவிடும்.

முதல் கேமராவின் படத்தில் முகம் முழுக்க மணல் தூவினாற்போல் புள்ளிகள். வெளிச்சம் போதாத இடத்தில் கேமராக்கள் அப்படித்தான் திணறும், கேமரா வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். குழுவுக்கு அது எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயமாகத் தெரிந்தது. டைப்பிஸ்ட் அம்மா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கன்னத்தில் ஒரு சதுர அங்குலத்தை எண்ணி முடித்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு.

"இதுல எது புள்ளி, எது மச்சம்?" என்று கேட்டார் தலைவர்.

"எனக்கு அங்க மச்சம் ரெண்டு சார்."

"எழுத்துல குடுங்க."

எழுதிக் கொடுத்தார். அறுநூற்றுப் பத்து புள்ளிகள் கேமராவின் கணக்கில் சேர்ந்தன. இரண்டாவது கேமரா புள்ளிகளைத் தானே துடைத்துவிடும் என்று அதன் விளம்பரத் தாளில் போட்டிருந்தது. துடைத்தது உண்மைதான். புள்ளியோடு புருவத்தையும் துடைத்திருந்தது. பாதி கரைந்த சோப்புக் கட்டிக்குக் காது வைத்தாற்போல் இருந்தார் மெக்கானிக். மூன்றாவது கேமரா ஷட்டரைத் திறந்தால் மூட மனசு வராத ரகம். அதில் அவருக்கு இரண்டு மூக்கு விழுந்தது. படம் எடுக்கையில் மூச்சு விட்டதுதான் காரணம் என்று குழு கண்டுபிடித்து, மூச்சை அடக்கச் சொன்னது. புதன்கிழமை மட்டும் பதினெட்டுத் தடவை அடக்கினார். கடைசித் தடவை டைப்பிஸ்ட் அம்மாதான் பட்டனை விட்டுவிட்டு ஓடிப்போய் அவர் முதுகில் தட்டினார்.

வியாழக்கிழமை சோதனை நிறத்தில் போய் நின்றது. நான்காவது கேமராவில் முகம் மஞ்சள், ஐந்தாவதில் பச்சை. எது எவ்வளவு தவறு என்று சொல்ல வேண்டுமானால் மெக்கானிக்கின் உண்மையான நிறம் தெரிய வேண்டும். அதற்குச் சாட்சி வேண்டும். மணப்பெண் வந்தாள். கூடவே அவள் அம்மாவும் வந்தார், கல்யாணம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று நேரில் பார்க்க.

தலைவர் சுவர் பெயிண்ட் நிறங்கள் அச்சடித்த அட்டையை விரித்தார். "இதுல இவர் எது, காட்டுங்க."

மணப்பெண் அட்டையைப் பார்த்தாள், மெக்கானிக்கைப் பார்த்தாள். "இதுக்கும் இதுக்கும் நடுவுல சார்."

"நடுவுல நிறம் கிடையாதும்மா."

அவள் அம்மா குறுக்கே வந்தார். "மனுஷங்க நிறம் எடத்துக்கு எடம் மாறும் சார். மரத்தடியில ஒண்ணு, மாடிப்படியில ஒண்ணு. வெளிய கூட்டிட்டுப் போய்ப் பாருங்களேன்."

நான்கு நாட்களில் அந்த அறையில் யாரும் இவ்வளவு விவரமாகப் பேசவில்லை. தலைவர் அவரை ஓரமாக உட்காரச் சொன்னார். பிறகு ஓட்டெடுப்பு நடந்தது. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மெக்கானிக்கின் நிறம் 'வெளிர் தேக்கு' என்று தீர்மானமாகி, கோப்பில் ஏறியது.

மணப்பெண் மேஜையில் பரப்பியிருந்த படங்களைக் குனிந்து பார்த்தாள். தொழில் புத்தி சும்மா இருக்குமா. "சார், இந்த மங்கல்ல படத்த எப்படிச் சரி பாக்கறீங்க? எனக்கே எழுத்து தெரியல."

"எந்த வெளிச்சத்துல எடுத்தமோ அதே வெளிச்சத்துலதாம்மா ஒப்பிடணும். அதுதான் விதி. வேற வெளிச்சத்துல பாத்தா அது வேற படம்."

அவள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். மிச்சமிருந்தது ஆறாவது கேமரா. அது ஒரு நாள் தாமதமாக வந்ததால், கொள்முதல் பிரிவு அதன் லென்ஸ் மூடியைச் சுற்றி நூல் கட்டி, அரக்கு வைத்து, முத்திரை குத்தியிருந்தது. முத்திரையை உடைக்கும் அதிகாரம் கொள்முதல் பிரிவுக்கு மட்டுமே உண்டு. அந்தப் பிரிவின் அதிகாரி பதினைந்து நாள் விடுப்பில் போயிருந்தார்.

டைப்பிஸ்ட் அம்மா கேமராவைத் திருப்பிக் காட்டினார். "மூடி இருக்கு சார்."

"மூடியோட வந்த கேமராவ மூடியோடதான் சோதிக்கணும்," என்றார் தலைவர். "நாம கழட்டினா, ஒரு கம்பெனிக்குச் சலுக காட்டின மாதிரி ஆகும்."

டைப்பிஸ்ட் அம்மா தோளைக் குலுக்கிவிட்டுப் பட்டனை அழுத்தினார். மெக்கானிக் பழக்கதோஷத்தில் மூச்சை அடக்கினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முடிவை அறிவிக்கக் கூட்டம் கூடியது. வரிசையில் நின்ற நாற்பது பேரும் கைதட்டுவதற்காக உள்ளே அழைக்கப்பட்டிருந்தார்கள். தலைவர் குல்லாயைச் சரி செய்துகொண்டு எழுந்தார்.

"ஒவ்வொரு கேமராவுக்கும் நூறு மார்க்குல ஆரம்பிச்சோம். ஒரு குறைக்கு ஒரு மார்க்கு கழிச்சோம். முதல் கேமரா, புள்ளி. ரெண்டாவது, புருவம் இல்ல. மூணாவது, மூக்கு ரெண்டு. நாலு, அஞ்சு, வெளிர் தேக்கு வரல. ஆறாவது கேமரா..." ஆறாவது படத்தைத் தூக்கிக் காட்டினார். முழுக்கக் கறுப்பு. "இதுல புள்ளி இல்ல, கலங்கல் இல்ல, மஞ்சள் இல்ல, பச்சை இல்ல. மூணு பேரும் ரெண்டு மணி நேரம் தேடினோம். ஒரு குறை கெடைக்கல. நூத்துக்கு நூறு. இந்த அலுவலகத்துல எதுவும் நூத்துக்கு நூறு வாங்கி நான் பாத்ததில்ல."

நாற்பது பேரும் கைதட்டினார்கள். மெக்கானிக் மட்டும் கையைத் தூக்கினார்.

"சார், அதுல என் முகமே தெரியலயே."

தலைவர் அவரை மிகுந்த பரிவோடு பார்த்தார். "யோசிச்சுப் பாருங்க. புள்ளி எங்க விழுந்துச்சு? முகத்துல. எது அசைஞ்சுது? முகம். எது பச்சையாச்சு? முகம். முகம்தான் எல்லாக் குறைக்கும் காரணம். பன்னெண்டு வருஷமா இங்க வந்த புகார் எல்லாமே 'என் முகம் சரியா விழல'ங்கறதுதான். இனிமே அந்தப் புகாருக்கே எடமில்ல. படத்துல குறை இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. முகம் இருக்கணும்னு எங்க இருக்கு, காட்டுங்க."

உறுப்பினர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். எங்கும் இல்லை.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் மெக்கானிக்கின் கையில் அட்டை வந்தது. பெயர் சரி, பிறந்த தேதி சரி, முத்திரை சரி. படம் இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று ஒரு கறுப்புச் சதுரம். அவர் மூன்று மாடியும் படியேறினார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிப் பல நாளாகியிருந்தது. அதற்குப் பதிலாக எந்த லிஃப்ட் வாங்கலாம் என்று வேறொரு குழு ஒப்பிட்டுக்கொண்டிருந்தது.

பதிவாளர் ஒல்லியான, கண்டிப்பான மனிதர். மணப்பெண்ணும் அவள் அம்மாவும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். டைப்பிஸ்ட் அம்மா இன்னொரு சாட்சியாகத் தானாகவே படியேறி வந்திருந்தார். பதிவாளர் அட்டையை வாங்கினார். சதுரத்தைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். மறுபடி சதுரத்தைப் பார்த்தார்.

"அட்டை செல்லும். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா படத்துல இருக்கறவர் இவர்தானான்னு நான் பாத்துத்தான் பதிவு பண்ணணும். ஒத்துப் போகலயே."

"சார், நான்தான் சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஒத்துப் போற முகமா கொண்டு வாங்க. பதினொன்றரைக்கு நான் கெளம்பிடுவேன்."

மெக்கானிக் சுவரில் சாய்ந்தார். ஐந்து நாளாக அடக்கிய மூச்செல்லாம் ஒரேயடியாக வெளியே வந்துவிட்டது போலிருந்தது. இனி யாரும் அவரைக் கவலைப்படுத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பெண்ணின் அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"வா, போலாம். நான் அப்பவே சொன்னேன்."

மணப்பெண் எழுந்தாள். கதவுப் பக்கம் போகவில்லை. பதிவாளரின் மேஜைக்குப் போனாள்.

"சார், எந்த வெளிச்சத்துல எடுத்தாங்களோ அதே வெளிச்சத்துலதான் ஒப்பிடணும். வேற வெளிச்சத்துல பாத்தா அது வேற படம்."

"யார் சொன்னது?"

"கீழ குழுத் தலைவர் சொன்னார். அதுதான் விதின்னார்."

பதிவாளர் டைப்பிஸ்ட் அம்மாவைப் பார்த்தார். அவர், "நான்தான் டைப் அடிச்சேன்," என்றார்.

விதி என்றதும் பதிவாளரின் முதுகு நிமிர்ந்தது. "இவர எந்த வெளிச்சத்துல எடுத்தாங்க?"

"காட்டறேன்," என்றாள் மணப்பெண். ஜன்னலை மூடினாள், திரையை இழுத்தாள், கதவைச் சாத்தினாள், சுவிட்சை அணைத்தாள். அறை மையிருட்டாயிற்று. "இப்பப் பாருங்க."

இருட்டுக்குள் பதிவாளரின் நாற்காலி கிறீச்சிட்டது. அட்டையைத் தூக்கிப் பிடிக்கும் சரசரப்பு கேட்டது. கடைசியில் பதிவாளரின் குரல் வந்தது. அதில் ஒரு மரியாதை இருந்தது.

"அச்சு அசலா இருக்கார்."

"அப்பப் பதிவு பண்ணலாமா சார்?"

"பண்ணலாம். ஆனா விளக்கப் போடக் கூடாது. போட்டா மறுபடி ஒத்துப் போகாது."

"இது நல்லா இருக்கே," என்று அம்மாவின் குரல் எழுந்தது. "இருட்டுல நான் யாருக்குப் பொண்ணக் குடுக்கறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? இங்க ரெண்டு ஆம்பளைங்க இருக்காங்க."

நியாயமான கேள்வி என்று பதிவாளர் ஒத்துக்கொண்டார். மணப்பெண்ணே கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்றார். அவள் கையை நீட்டிக்கொண்டு நடந்தாள். நாற்காலி ஒன்று உருண்டது. ஒரு கையைப் பிடித்தாள். உள்ளங்கையில் கம்பிக் கயிறு உரசிக் காய்த்த தழும்புகள், நகத்தோரம் கிரீஸ்.

"இவர்தான்," என்றாள்.

அவள் விரல்களை அவர் இறுகப் பற்றிக்கொண்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இருட்டாக இருந்ததால் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. டைப்பிஸ்ட் அம்மாவுக்குத்தான் பார்க்காமல் பட்டன் தட்டிப் பழக்கம். ஒவ்வொருவர் விரலையும் பிடித்துக்கொண்டு போய்ப் பதிவேட்டின் சரியான கோட்டில் வைத்தார். நான்கு கையெழுத்தும் ஆயின. கடைசியாகப் பதிவாளர் முத்திரையை ஓங்கிக் குத்தும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகுதான் விளக்கைப் போட்டார்கள். பெண்ணின் அம்மா பதிவேட்டைக் கண்ணுக்கருகில் பிடித்து ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்.

"சரி மாப்ள, இனிமே உங்க பாடு," என்றார்.

மூன்று மாடி இறங்கித் தெருவுக்கு வந்தார்கள். உச்சி வெயிலில் கண் கூசியது. அவள் நின்று, நெற்றியில் கையை வைத்து நிழல் பிடித்துக்கொண்டு, அவரைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தாள். அரைகுறைத் தாடி, வீங்கிய கண், கசங்கிக் கூழான சட்டை.

"என்ன அப்படிப் பாக்கற?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல," என்றாள். "நல்லவேள, கையெழுத்து போட்டப்புறம் வெளிய வந்தோம்."